ஏதாவது ஒரு கட்டுரை: தற்செயலின் உள்ளமைப்பு

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பதிப்பில், பக்கத்தின் ஓரத்தில் உள்ள இணைப்புகளுள் ஒன்றுக்கு 'ஏதாவது ஒரு கட்டுரை' என்று பெயர். அதைச் சொடுக்கும் வாசகர், தாம் தேடாத, பெரும்பாலும் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு பொருளைப் பற்றிய பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறார்; மீண்டும் சொடுக்கினால் மற்றொன்று வரும், அடுத்து வேறொன்று வரும். எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவான இந்த வசதியையே பொழுதுபோக்காகக் கொண்டு, வழியில் எதிர்ப்படும் வியப்பான செய்திகளைத் திரட்டிவைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1851இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில், பன்னிரண்டு குடுவைகளில் பன்னிரண்டு அட்டைப்பூச்சிகளை இட்டு, புயல் நெருங்கும்போது அவை மேலேறிச் சிறு சுத்தியலை அசைத்து மணியடிக்கும்படி அமைத்த கருவியொன்றை ஜார்ஜ் மெரிவெதர் என்னும் ஆங்கில மருத்துவர் காட்சிக்கு வைத்தார் என்பது அவ்வாறு கிடைக்கும் செய்திகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழ் இதழ்கள் நெடுங்காலமாகத் 'துணுக்கு' என்று வழங்கிவரும் இத்தகைய செய்திகள் தற்செயலாகக் கைக்கு வந்தவை என்றே கருதப்படுகின்றன. அக்கருத்து பாதியளவே சரியானது. எந்தப் பக்கம் வந்து விழும் என்பதை ஒரு கணிப்பு முறையும், அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை எழுதுவோரின் விருப்பமும் வசதியும், அதிலிருந்து எந்த வரி துணுக்காகப் பிரியும் என்பதை வேறொரு வகை வெட்டலும் முன்னரே தீர்மானித்துவிடுகின்றன. துணுக்கு ஒன்றின் மதிப்பை அறிய விரும்புவோர் இந்த மூன்று தேர்வுகளையும் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாகக் கணிப்பு முறை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளில், ஒரு பக்கம் உருவாக்கப்படும்போதே 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பதின்ம எண் ஒன்று அதற்கு வழங்கப்பட்டுத் தரவுத்தளத்தில் பதியப்படுகிறது. இது சீரற்ற எண், அதாவது எவ்வித ஒழுங்குக்கும் உட்படாமல், முன்கூட்டி ஊகிக்க இயலாதவாறு எடுக்கப்படும் எண். வாசகர் சொடுக்கியதும் மென்பொருள் அதே எல்லைக்குள் புதிதாக ஓர் எண்ணை எடுத்து, அதற்கு மேற்பட்ட எண்களைக் கொண்ட பக்கங்களுள் மிக அருகில் நிற்பது எதுவோ அதைத் திறந்து காட்டுகிறது. இலட்சக்கணக்கான பக்கங்களை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கும் வேலை இல்லாததால் கணினிக்கு இது மிக எளிய வழி. ஆனால் எல்லாப் பக்கங்களுக்கும் சம வாய்ப்பு இதில் கிடைப்பதில்லை. ஒரு பக்கத்தின் எண்ணுக்கும் அதற்கு முன்னால் நிற்கும் பக்கத்தின் எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அது தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. நெடுநேரம் பேருந்தே வராத நிறுத்தத்துக்குக் கடைசியில் வந்து சேரும் வண்டியில் கூட்டம் நெரிவதும், அதன் பின்னாலேயே வரும் வண்டி காலியாகப் போவதும் இதே கணக்கின்படிதான்.

பக்கங்கள் மிகுதியாக இருக்கும்போது இத்தகைய இடைவெளிகள், புள்ளியியலார் அடுக்குக்குறிப் பரவல் என்று குறிப்பிடும் ஒழுங்கைப் பின்பற்றும். அதாவது சிறிய இடைவெளிகள் மிகப் பலவாகவும் பெரிய இடைவெளிகள் விரைவாக அருகிச் செல்வனவாகவும் அமையும். அதன்படி கணக்கிட்டால், நூற்றுக்கு ஒன்பதரைப் பக்கங்களுக்குச் சராசரி வாய்ப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் கிட்டுவதில்லை. நூற்றுக்குப் பதின்மூன்றரைப் பக்கங்களுக்குச் சராசரியைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வாய்ப்பு வாய்த்துவிடுகிறது. ஏறத்தாழ 70 இலட்சம் கட்டுரைகளைக் கொண்ட ஆங்கிலப் பதிப்பில் மிகப் பெரிய இடைவெளிக்கு அடுத்து நிற்கும் பக்கம், சராசரிப் பக்கத்தைப் போல் சுமார் 16 மடங்கு முறை வாசகர் முன் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். இந்தச் சலுகைக்கும் அப்பக்கத்தின் பொருளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பேரரசரின் பக்கமும் பூச்சியினத்தின் பக்கமும் பிறந்த கணத்தில் பெற்ற எண்ணைக் கொண்டே வாழ்கின்றன. ஆகவே இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சார்பாக உருவெடுப்பதில்லை. உண்மையான சார்பு, பக்கங்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதில்தான் தோன்றுகிறது.

2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட ஆங்கில விக்கிப்பீடியாவில் 2002 அக்டோபரில் ராம்பாட் என்னும் தானியங்கி, அதாவது மனிதர் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல் தரவுகளிலிருந்து தானாகக் கட்டுரைகளை ஆக்கும் நிரல், அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, அந்நாட்டின் மாவட்டங்களையும் சிற்றூர்களையும் பற்றி ஏறத்தாழ 30,000 கட்டுரைகளைச் சில நாட்களில் சேர்த்தது. அன்றைய நிலையில் அது கலைக்களஞ்சியத்தின் பருமனையே மாற்றிவிட்ட எண்ணிக்கை. அக்காலத்தில் தற்செயல் இணைப்பைச் சொடுக்கியவர்கள் திரும்பத் திரும்ப அமெரிக்கச் சிற்றூர்களிலேயே போய் இறங்கினார்கள். இந்த முறையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் சுவீடனைச் சேர்ந்த சுவெர்க்கர் யோகான்சன். அவர் எழுதிய எல்எஸ்ஜேபாட் என்னும் தானியங்கி, உயிரினங்களின் பட்டியல்களையும் இடப்பெயர்த் தரவுத்தளங்களையும் படித்து, சுவீடிய மொழியிலும், பிலிப்பீன்சின் தென்பகுதியில் பேசப்படும் செபுவானோ மொழியிலும், அதற்கு நெருங்கிய வாராய் மொழியிலும் இலட்சக்கணக்கான கட்டுரைகளை உருவாக்கியது. அதன் விளைவாகச் செபுவானோ பதிப்பு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன், கட்டுரை எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தது. அம்மொழி பேசும் வாசகர் ஒருவர் தற்செயல் இணைப்பைச் சொடுக்கினால், உலகின் ஏதோ ஒரு மூலையில் உள்ள குன்று, ஓடை, தீவு அல்லது வண்டினம் பற்றிய சில வாக்கியங்களே பெரும்பாலும் முன்வரும். அவருடைய சொந்த ஊரின் கதையோ பாடலோ வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எண்ணிக்கையால் ஒரு மொழியை வளர்த்துவிடலாம் என்று நம்புவோர் இந்தப் பதிப்பை அரை மணி நேரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

தமிழ்ப் பதிப்பு 2003இல் தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அங்கும் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு ஒரே அச்சில் வார்க்கப்பட்ட ஊர்க் கட்டுரைகள் ஏராளம்: மக்கள்தொகை, அதில் ஆண்கள் எத்தனை விழுக்காடு, பெண்கள் எத்தனை விழுக்காடு, எழுத்தறிவு எவ்வளவு என்று வாக்கியங்கள் மாறாமல் எண்கள் மட்டும் மாறிச் செல்லும். ஆயினும் தமிழின் வரலாற்றில் இதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியை மேம்படுத்தும் முயற்சியின் பகுதியாக, ஆங்கிலக் கட்டுரைகளைக் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் வழியே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெருமளவில் ஏற்றியது. எந்தக் கட்டுரை வேண்டும் என்பதை முடிவு செய்தது தமிழ் வாசகரின் தேவையன்று. இணையத்தில் எவை மிகுதியாகத் தேடப்படுகின்றன என்னும் கணக்கே அதை முடிவு செய்தது. மேலைநாட்டுப் பாடகர்களும் மருந்துகளின் வணிகப் பெயர்களும், ஆங்கிலத் தொடரமைப்பு கலையாத தமிழில், மிக நீண்ட கட்டுரைகளாக வந்து நிறைந்தன. ஆலமரத்தடி என்று பெயரிடப்பட்ட பொது உரையாடல் பக்கத்தில் தன்னார்வலர்கள் இதை நெடிது விவாதித்து, தரத்துக்கு வரையறைகள் கோரினர். போலந்தின் கடான்ஸ்க் நகரில் 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் தரப்பிலிருந்து இத்திட்டம் பற்றிய மதிப்பீடும் முன்வைக்கப்பட்டது. 'ஏதாவது ஒரு கட்டுரை' என்னும் இணைப்பு தமிழ் வாசகருக்கு எதிர்பாராத ஒரு பாடகரைக் காட்டும்போது, அந்தத் தற்செயலுக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் தேர்வும் இருக்கக்கூடும்.

எழுதப்படாதவை இந்த ஆட்டத்துக்குள் வருவதே இல்லை. ஆங்கிலப் பதிப்பின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளுள் ஐந்தில் ஒரு பங்கு அளவே பெண்களைப் பற்றியவை. கனடிய இயற்பியலர் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு 2018 அக்டோபர் 2 அன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவரைப் பற்றிய கட்டுரை அங்கே இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில் ஒருவர் எழுதி அளித்த வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று திருப்பப்பட்டிருந்தது. அதுவரை எத்தனை கோடி முறை சொடுக்கியிருந்தாலும் தற்செயல் அவரைக் காட்டியிருக்காது.

இத்தகைய வாசிப்பு இணையத்தோடு பிறந்ததன்று. உரோமானிய அறிஞர் மூத்த பிளினி கி.பி. 77ஐ ஒட்டி எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் 37 பகுதிகள் கொண்ட நூல், நூறு ஆசிரியர்களின் இரண்டாயிரம் ஏடுகளிலிருந்து 20,000 செய்திகளைத் திரட்டித் தருவதாக அவரே முன்னுரையில் பெருமைப்படுகிறார். அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்த அவுலஸ் கெல்லியஸ், தாம் படிக்கும்போது குறித்துவைத்தவற்றை எந்த வரிசைக்கும் உட்படுத்தாமல் குறித்த முறையிலேயே 'அட்டிக்கா இரவுகள்' என்ற நூலாக்கினார். அகர வரிசை நிலைபெற்ற பிறகு தற்செயலுக்கு வேறு வடிவம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட அபிதான கோசத்தையும், சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியையும் ஒரு பெயரைத் தேடித் திறந்தவர்கள், அந்தப் பெயரோடு எந்த உறவும் இல்லாத அண்டைத் தலைப்புகளிலும் பொழுதைக் கழித்திருக்கிறார்கள். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் துறை வல்லுநர்களைக் கொண்டு எழுதப்பட்டது. ஆனால் அகர வரிசை, உயிரியலையும் இயற்பியலையும் பொருட்படுத்தாமல் அணிலையும் அணுவையும் அருகருகே நிறுத்திவிடும். அச்சுத் தொகுதியில் கிட்டும் தற்செயலுக்கு எழுத்து ஒழுங்கு என்னும் வரம்பு இருந்தது. இணையத்தில் அதுவும் நீங்கிவிட்டது.

இவற்றுக்கு நேர்மாறாக, தற்செயல் போலத் தோன்றும்படி திட்டமிட்டு அமைக்கப்பட்ட வாசிப்புகளும் உண்டு. தீதரோ முதலியோர் 1751 முதல் வெளியிட்ட பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில், ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு வாசகரை அனுப்பும் 'காண்க' என்னும் குறிப்புகள் தணிக்கைக்குத் தப்பும் கருவியாகவே பயன்பட்டன. மனிதரைத் தின்னும் மக்களைப் பற்றிய கட்டுரையின் முடிவில் நற்கருணை, திருவிருந்து, பலிபீடம் ஆகிய கட்டுரைகளைக் காணுமாறு குறிப்பு இருந்தது. கட்டுரைக்குள் சமயத்தைப் பழிக்கும் ஒரு சொல்கூட இல்லை. பழிப்பு முழுவதும் இணைப்பில் இருந்தது. இன்றைய இணையக் கலைக்களஞ்சியத்தின் நீலநிற இணைப்புகளில் இவ்வளவு தந்திரம் இல்லை.

துணுக்கு தனி வணிகப் பொருளானது 1881இல் ஜார்ஜ் நியூன்ஸ் இங்கிலாந்தில் தொடங்கிய 'டிட்-பிட்ஸ்' வார இதழோடு எனலாம்; கட்டாயக் கல்வியால் புதிதாக எழுத்தறிவு பெற்று, இரயிலில் வேலைக்குப் போய்வந்தவர்களை நோக்கி, பிற நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் எடுத்த சிறு செய்திகளையே அது விற்றது. தமிழ் இதழ்களில் துணுக்குக்கு வேறொரு பயனும் இருந்தது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், கதையோ கட்டுரையோ பக்கத்தின் அடி வரை எட்டாமல் நின்றுவிட்டால், எஞ்சிய இடத்தை நிரப்பக் கைவசம் வைத்திருந்த துணுக்குகளில் அளவுக்கு ஏற்றது எடுக்கப்பட்டது. ஒரு செய்தி அச்சேறியதற்கு அதன் அறிவு மதிப்பைக் காட்டிலும் அதன் வரி எண்ணிக்கை காரணமாக இருந்த நிகழ்வுகள் பல.

அந்த நீளக் கட்டுப்பாடு இன்றும் நீங்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் 2004 பிப்ரவரி முதல் 'உங்களுக்குத் தெரியுமா' என்னும் பகுதி வெளிவருகிறது. தமிழ்ப் பதிப்பிலும் அதே பெயரில் ஒரு பகுதி உள்ளது. புதிதாக எழுதப்பட்ட அல்லது பெரிதும் விரிவாக்கப்பட்ட கட்டுரைகளிலிருந்து ஒரு செய்தியைத் தேர்ந்து, 200 எழுத்துக்குறிகளுக்கு மிகாத ஒரே வாக்கியமாக, வாசகரை உள்ளே இழுக்கும்படி எழுத வேண்டும் என்பது ஆங்கிலப் பதிப்பின் விதி. அச்செய்திக்குக் கட்டுரையில் சான்று காட்டப்பட்டிருக்கவும் வேண்டும். சுவையான பகுதி என்னவெனில், இதே கலைக்களஞ்சியம் கட்டுரைகளுக்குள் 'பலவகைச் செய்திகள்' என்று தொடர்பற்ற துணுக்குகளைப் பட்டியலிடுவதை விரும்புவதில்லை. அவற்றைக் கட்டுரையின் உரிய பகுதிகளுக்குள் கலக்க வேண்டும் என்பதே அதன் எழுத்து நெறி. உள்ளே கூடாதென்று ஒதுக்கியதை வாசலில் வரவேற்பாக வைத்திருக்கும் இந்த முரண்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது: துணுக்கு வாசகரை அழைக்க வல்லது, பொருளை விளக்க வல்லதன்று.

ஏன் விளக்க வல்லதன்று என்பதைத் தமிழோடு தொடர்புடைய ஒரு பொருளைக் கொண்டே காணலாம். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் உள்ள தே பாபா அருங்காட்சியகத்தில், தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்ட உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 'தமிழ் மணி' என்னும் கட்டுரையில் தற்செயலாகப் போய் இறங்கும் வாசகர், அதிலிருந்து எடுத்துச் செல்லும் துணுக்கு பெரும்பாலும் இதுதான்: ஐரோப்பியர் கால் வைக்கும் முன்பே தமிழர் நியூசிலாந்தை அடைந்துவிட்டனர், அதற்குச் சான்று இந்த மணி. சமூக ஊடகங்களில் இந்த வாக்கியம் ஐயத்துக்கு இடமின்றிச் சுற்றிவருகிறது.

சான்றுகள் சொல்வது இதைவிடக் குறைவு, ஆனால் இதைவிடச் சுவையானது. மணியைப் பெற்றவர் வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பரப்பாளர். 1834இல் அச்சுப்பொறியோடு நியூசிலாந்துக்கு வந்து, மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டவர். 1836ஐ ஒட்டி அந்நாட்டின் வடபகுதியில், வாங்காரேக்கு அருகில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்துவதை அவர் கண்டார். புயலில் சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேருக்கடியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். விளிம்பு உடைந்துபோய் மேற்பகுதி மட்டும் எஞ்சிய மணி, கவிழ்த்துப் பிடித்தால் கிண்ணமாகிவிடும். முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பதே அதன் மேலுள்ள தமிழ் வாசகத்தின் பொருள். பக்தாதின் இறைநேசர் முகையதீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் தமிழ் முசுலிம்களிடையே பரவலானது. நாகூர், நாகப்பட்டினம், காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய துறைகளிலிருந்து கப்பல் செலுத்தி மலாக்காவோடும் அச்சேவோடும் வணிகம் செய்த மரைக்காயர்களைப் பற்றி அறிந்தவருக்கு இந்தப் பெயர் வியப்பளிப்பதாக இராது. ஆகவே மணி தமிழகக் கரையின் முசுலிம் கப்பல் உரிமையாளர் ஒருவருக்குரியது என்று கொள்வதில் தடையில்லை.

அது எப்போது, யாருடைய கப்பலில், நியூசிலாந்துக்குச் சென்றது என்பதை மணி சொல்லவில்லை. எழுத்துகளில் சில இன்று வழக்கொழிந்த வடிவில் இருப்பதால் அது பல நூற்றாண்டுப் பழமையானது என்று கருதியோர் உண்டு. ஆனால் ஒரு மணி வார்க்கப்பட்ட காலம் வேறு, அது பயணப்பட்ட காலம் வேறு. பெண்கள் அதில் வேகவைத்த உருளைக்கிழங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் ஐரோப்பியர் வழியாக அத்தீவுகளுக்கு வந்த பயிர் என்பதும் மறக்கத்தக்கதன்று. மேலும், 1769 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 'சேன் ழான் பத்தீஸ்த்' என்னும் பிரெஞ்சுக் கப்பல், தளபதி ழான் பிரான்சுவா மரி த சுர்வீலின் தலைமையில், அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடமுனைக் கரையை அடைந்தது; அதில் லஸ்கர்கள், அதாவது ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்கு அமர்ந்த இந்திய மாலுமிகள், இருந்தனர். மணியை அந்தக் கப்பல்தான் கொண்டுசென்றது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அப்படி முடிவு கட்டுவது ஒரு துணுக்குக்குப் பதில் மற்றொரு துணுக்கை வைப்பதாகும். ஆனால் சோழமண்டலக் கரைக்கும் அந்தத் தீவுகளுக்கும் இடையே பதிவான கப்பல் வழி ஒன்று, மணி கண்டெடுக்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தது என்னும் செய்தி, தமிழர் முதலில் சென்றனர் என்னும் முழக்கத்துக்கு இடமளிக்காத ஒன்று. ஒரு வாக்கியத்துக்குள் அடங்காததால்தான் அது வெட்டப்பட்டது. வியப்பு கூடியதற்குக் காரணம் புதிய சான்று சேர்ந்ததன்று, இருந்த சான்று நீக்கப்பட்டதே.

இன்னொரு புகழ்பெற்ற துணுக்கும் இதே வழியில் உருவானதுதான். எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே ஏறத்தாழ 2,060 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீர் தவீல் என்னும் நிலத்தை எந்த நாடும் கோரவில்லை என்பர். காரணம் எளிது: 1899இல் 22ஆம் அகலாங்கை எல்லையாக வைத்த பிரித்தானியர், 1902இல் மேய்ச்சல் இனங்களின் வசதிக்காக வேறொரு நிர்வாகக் கோட்டை வரைந்தனர், முதற்கோட்டை ஏற்றால் செங்கடலோரத்தில் உள்ள, பத்து மடங்கு பெரிய ஹலாயிப் பகுதி எகிப்துக்கும், இரண்டாவதை ஏற்றால் அது சூடானுக்கும் சேரும். ஹலாயிபை வேண்டுவோர் பீர் தவீலைக் கைவிட்டே தீர வேண்டும். 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்னும் துணுக்கில் இந்தக் கணக்கு விடுபடுகிறது. அங்கே கால்நடை மேய்த்துவந்த அபாப்தா இனத்தாரும் விடுபடுகிறார்கள்.

வெட்டுவதால் திரிவது ஒரு வகை. இல்லாதது சேர்வது வேறொரு வகை. 2008 ஜூலையில் அமெரிக்க மாணவர் ஒருவர், தென் அமெரிக்காவில் வாழும், ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்த கோவாட்டி என்னும் விலங்கின் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில், அதற்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றொரு வழக்குப் பெயர் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவுக்கே உரிய, கோவாட்டிக்கு எவ்வகையிலும் உறவில்லாத விலங்கு. நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பிறகு அந்த நாளிதழ்களே விக்கிப்பீடியாக் கட்டுரைக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. சான்று சுற்றிவந்து தன்னையே தாங்கும் இந்தச் சுழற்சிக்கு, சித்திரத் தொடர் எழுதும் ராண்டல் மன்றோ 2011இல் 'சைட்டோஜெனிசிஸ்' என்று பெயரிட்டார். கோவாட்டியின் பொய்ப் பெயர் ஆறு ஆண்டுகள் நிலைத்தது.

அதைவிடத் துணிவானது பிச்சோலிம் போர். கோவாவில் உள்ள அந்த ஊரின் பெயரில் 1640–41இல் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் போர் நடந்ததாக 2007இல் எழுதப்பட்ட நீண்ட கட்டுரை, அடிக்குறிப்புகளும் நூற்பெயர்களும் நிறைந்திருந்ததால் 'நல்ல கட்டுரை' என்னும் தகுதியும் பெற்று, 2012 டிசம்பர் வரை இருந்தது; அப்போதுதான் காட்டப்பட்ட நூல்களே இல்லை என்று ஒருவர் கண்டறிந்தார். அப்பேரரசை நிறுவிய சிவாஜி பிறந்தது 1630இல்; அவருக்கு அப்போது பத்து வயது, அவர் முடிசூடியது 1674இல். 1640இல் மராத்தியப் பேரரசு என்று ஒன்று இருக்க வழியில்லை என்பதைப் பள்ளிப் பாடநூலே காட்டிக்கொடுத்திருக்கும். எவரும் அந்த ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

அச்சுக் கலைக்களஞ்சியங்கள் இதில் தூய்மையானவை என்று சொல்வதற்கில்லை. 1975இல் வெளிவந்த 'நியூ கொலம்பியா' கலைக்களஞ்சியம், ஓகாயோவின் பேங்ஸ் என்னும் ஊரில் 1942இல் பிறந்து, கிராமப்புற அஞ்சல் பெட்டிகளைப் படமெடுத்துப் புகழ்பெற்று, எரிபொருள்கள் பற்றிய இதழுக்காகப் பணியாற்றும்போது வெடிவிபத்தில் இறந்த லிலியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞரைப் பற்றி விரிவாக எழுதியது. அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை. பிறர் களவாகப் படியெடுத்தால் கண்டுபிடிக்க வைத்த பொறி அது. ஜெர்மனியின் பெயர்பெற்ற மருத்துவ அகராதியான 'பிஷிரெம்பெல்', நகைச்சுவைக் கலைஞர் லோரியோ கற்பனை செய்த 'கல் பேன்' என்னும் உயிரினத்தை 1983இல் சேர்த்தது. பின்னர் அது நீக்கப்பட்டபோது வாசகர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1997இல் கல் பேன் அகராதிக்குத் திரும்பியது.

இத்தகைய வேறொரு பொறியில், அதை வைத்தவர் எதிர்பார்த்தபடியே ஒருவர் சிக்கியதும், அதன் பின் நடந்ததும் துணுக்கின் சட்ட நிலையைத் தெளிவாக்கின. ஃபிரெட் வொர்த் என்பவர் 1974இல் வெளியிட்ட துணுக்குக் கலைக்களஞ்சியத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் துப்பறியும் அதிகாரி கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே பொய்யாக எழுதினார். தொடரில் அப்பெயர் ஒருபோதும் சொல்லப்படவில்லை. அடையாள அட்டை நெருக்கத்தில் காட்டப்படும் காட்சியில் கூர்ந்து நோக்குவோருக்குத் தென்படுவது ஃபிராங்க் என்னும் பெயர். பத்தாண்டுகள் கழித்து, உலகெங்கும் விற்பனையான 'டிரிவியல் பர்சூட்' என்னும் வினாடி வினா விளையாட்டின் அட்டையொன்றில் பிலிப் என்றே விடை அச்சாகியிருந்தது. 30 கோடி டாலர் இழப்பீடு கோரி 1984இல் வொர்த் வழக்குத் தொடுத்தார். அவருடைய நூலையும் பயன்படுத்தியதை விளையாட்டை உருவாக்கியவர்கள் மறுக்கவில்லை. ஒரே நூலிலிருந்து எடுத்தால்தான் களவு, பல நூல்களிலிருந்து எடுத்தால் அது ஆய்வு என்பது அவர்கள் வாதம். தகவல்கள் எவருடைய பதிப்புரிமைக்கும் உட்பட்டவை அல்ல, அவற்றை அடுக்கும் முறைக்கே உரிமை உண்டு, விளையாட்டின் அடுக்குமுறையோ நூலின் முறையிலிருந்து வேறுபட்டது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது.